குடல் முதல் சுவரொட்டி வரை: ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கு 23 குறிப்புகள்

ஒரே மாவட்டமாக இருந்த பெரம்பலூரும் அரியலூரும் 2007-ல் மறுபடியும் இரண்டாயின. மாவட்டம் பிரிந்ததே தவிர, ஞாயிற்றுக்கிழமைச் சமையல் பிரியவில்லை. குன்னமோ வேப்பந்தட்டையோ, செந்துறையோ ஆண்டிமடமோ, எந்தப் பக்கம் போனாலும் குடல் குழம்பு கொதிப்பது தெருவுக்கே தெரியும். செட்டிகுளம், ஆலத்தூர் பக்கத்துச் சின்ன வெங்காயம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரி, செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் என்று இதற்கு வேண்டிய எல்லாமே நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன.

ஆனாலும் புதிதாகச் சமையல் பழகுகிறவர்கள் குடலையும் ஈரலையும் கண்டால் ஒதுங்குகிறார்கள். வாடை போவதில்லை, வேகாமல் இழுக்கிறது, ஈரல் கல்லாகிவிடுகிறது என்பார்கள். கழுவுகிற முறையும் அடுப்பில் வைக்கிற நேரமும் தெரிந்துவிட்டால் இந்த மூன்று குறையும் இருக்காது. ஆட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனிப் பக்குவம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் ஒரே நேரம் வேக வைப்பதால்தான் கெடுகிறது.

வாங்கும்போது

1. காலையிலேயே போய்விடுங்கள். தனிக்கறியை விட உள்ளுறுப்புகள் சீக்கிரம் கெடும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஈரலும் குடலும் வெளியில் கிடக்கக் கூடாது. அறுத்த கையோடு வாங்கி, நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். வெயிலில் தொங்கிய குடலை மத்தியானம் மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

2. ஈரலைத் தொட்டுப் பாருங்கள். நல்ல ஈரல் கரும்சிவப்பாக, பளபளவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். கொழகொழவென்று இருந்தாலோ, ஓரம் காய்ந்து கறுத்திருந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ விட்டுவிடுங்கள்.

3. கட்டி, புழு இருக்கிறதா என்று கவனியுங்கள். ஈரலிலும் நுரையீரலிலும் தண்ணீர் கோத்த வெள்ளைக் கட்டிகள் சில சமயம் இருக்கும். ஈரலை வெட்டும்போது குழாய்களில் இலை வடிவத் தட்டைப்புழுக்களும் தென்படலாம். கட்டியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த உறுப்பு முழுவதையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. பித்தப்பையைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். "அண்ணே, பித்தப்பை உடையாம ஈரல எடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பித்தநீர் ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த இடம் கசக்கும். ஈரலில் பச்சைக் கறை தெரிந்தால் கழுவிப் பயனில்லை. கறை பட்ட பாகத்தை ஒரு விரல் அகலம் கூடுதலாகவே வெட்டி நீக்கிவிடுங்கள். வயிற்றுப்பையையும் கடையிலேயே கீறி, உள்ளே இருக்கும் தழையைக் கொட்டித் தரச் சொன்னால் வீட்டு வேலை பாதியாகும்.

சுத்தம் செய்யும்போது

5. வயிற்றுப்பைக்குக் கொதிநீர் ஆகாது. துவாலை போலச் சொரசொரப்பாக இருக்கும் வயிற்றுப்பையின் மேல் ஒரு கறுப்புத் தோல் உண்டு. வாடைக்கு முக்கியக் காரணம் அதுதான். தளதளவென்று கொதிக்கும் நீரில் போட்டால் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு சுரண்டினாலும் வராது. இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்து, அதில் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் முக்குங்கள். ஒரு ஓரத்தைக் கரண்டியால் சுரண்டிப் பாருங்கள். கறுப்பு வழித்துக்கொண்டு வந்தால் உடனே எடுத்து, சூடு ஆறுவதற்குள் முழுவதையும் சுரண்டிவிடுங்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று தெரியும்.

6. சுண்ணாம்பும் உதவும். கறுப்பு விடாப்பிடியாக இருந்தால், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் சுண்டைக்காய் அளவு எடுத்து வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தடவி, ஐந்து நிமிடம் விட்டுச் சுரண்டலாம். பிறகு சுண்ணாம்பின் வழவழப்பு போகும்வரை நான்கைந்து தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

7. மடிப்புப் பையை மறக்காதீர்கள். வயிற்றோடு சேர்ந்து மடிப்பு மடிப்பாக ஒரு பை இருக்கும். மணலும் தழைத் துணுக்கும் தங்கும் இடம் அது. ஒவ்வொரு மடிப்பையும் விரித்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பொறுமை இல்லாவிட்டால் அதை வாங்காமல் விடுவதே நல்லது. பாதி கழுவிய மடிப்பு குழம்பு முழுவதையும் நறநறவென்று ஆக்கிவிடும்.

8. சிறுகுடலைத் திருப்பிக் கழுவுங்கள். முதலில் ஒரு முனையைக் குழாயில் பிடித்து, மறுமுனையில் தெளிந்த நீர் வரும்வரை தண்ணீரை ஓட விடுங்கள். பிறகு முழ நீளத் துண்டுகளாக வெட்டி, சுத்தமான மெல்லிய குச்சியால் ஒரு முனையை உள்ளே தள்ளி, உள்பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்டு அழுத்திப் பிசைந்து கழுவ வேண்டும். இதையே மூன்று முறை செய்யுங்கள். கடைசியாக ஒரு கைப்பிடி கடலைமாவோ கோதுமைமாவோ போட்டுப் பிசைந்தால் ஒட்டியிருக்கும் வழவழப்பை அது இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

9. முதல் கொதியைக் கொட்டிவிடுங்கள். கழுவிய குடலை மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் திறந்தபடி கொதிக்க விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். மிச்சம் மீதி வாடை ஆவியோடும் தண்ணீரோடும் போய்விடும். மூடி போட்டுக் கொதிக்க வைத்தால் வாடை உள்ளேயே சுற்றும்.

10. மற்ற உறுப்புகளைக் கழுவும் முறை. ஈரலை வெட்டிய பிறகு கழுவினால் ரத்தத்தோடு சத்தும் போகும். முழுதாகக் கழுவி, மேலே இருக்கும் மெல்லிய சவ்வை நகத்தால் நெம்பி உரித்த பின்பே வெட்டுங்கள். சிறுநீரகத்தை இரண்டாகப் பிளந்து நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டை அடியோடு வெட்டி எடுத்து, உப்புப் போட்ட மோரில் இருபது நிமிடம் ஊற வையுங்கள். நுரையீரலில் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் விட்டு, அமுக்கி அமுக்கி நுரையும் ரத்தமும் போகும்வரை கழுவுங்கள்.

11. மூளைக்குத் தண்ணீருக்குள்தான் வேலை. மூளையைக் கையில் வைத்துச் சவ்வு உரித்தால் பிய்ந்துவிடும். ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே ஓடும் சிவப்பு நரம்புகளையும் சவ்வையும் விரல் நுனியால் மெல்ல இழுங்கள். பிறகு மஞ்சள் கலந்த சூடான நீரில் மூன்று நிமிடம் போட்டால் இறுகிவிடும். அதன் பிறகு வெட்டினால் உருக்குலையாது.

சமைக்கும்போது

12. குடலுக்கு நிறைய நேரம், ஈரலுக்குக் கொஞ்ச நேரம். குடலும் காலும் தலைக்கறியும் நார்த்தசை நிறைந்தவை. நிதானமாக நீண்ட நேரம் வெந்தால்தான் அந்த நார் கரைந்து பசையாகும். ஈரலில் அப்படிப்பட்ட நார் மிகக் குறைவு. அதை நீட்டி வேக வைத்தால் ஈரம் வற்றி இறுகும். ஈரல் கல்லாவதற்கும் குடல் இழுப்பதற்கும் காரணம் இதுதான். ஆகவே இரண்டையும் ஒரே குழம்பில் போட நினைத்தால், குடல் முழுதாக வெந்து, அடுப்பை அணைக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஈரலைச் சேருங்கள்.

13. குடல் குழம்புக்கு அளவு. அரைக் கிலோ குடலுக்கு உரித்த சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 12 பல், இரண்டு விரல் நீள இஞ்சி, தக்காளி 2, மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. அரைக்க: தேங்காய் அரை மூடி, சோம்பு, சீரகம், மிளகு தலா 1 தேக்கரண்டி, முந்திரி 8. கடலெண்ணெயில் பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் பொன்னிறமாக வதங்கியதும் இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, தூள்வகைகள், பிறகு குடல். குக்கரில் ஆறிலிருந்து எட்டு விசில். முற்றிய ஆடாக இருந்தால் மேலும் இரண்டு. ஆவி அடங்கியதும் அரைத்த விழுதை ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கொதிக்க விடுங்கள். குடல் வெந்தால் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும். அதை மனதில் வைத்து வாங்குங்கள்.

14. சின்ன வெங்காயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரிய வெங்காயம் நீர்விட்டு இனிப்பாகும்; சின்ன வெங்காயத்தின் காரமும் மணமும்தான் குடல் வாடையை அடக்கும். பாதியை நறுக்கி வதக்குங்கள். மீதியை அம்மியிலோ மிக்சியிலோ ஒன்றிரண்டாகத் தட்டிச் சேருங்கள். குழம்பு தானாகவே கெட்டிப்படும். மசாலாவைக் கூட்ட வேண்டியிருக்காது.

15. கடலைப்பருப்பு சேர்த்தால் இன்னும் நான்கு பேருக்கு ஆகும். ஒரு கைப்பிடி கடலைப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துக் குடலோடு சேர்த்து வேக விடுங்கள். விருந்தாளி எதிர்பாராமல் வந்தால் குழம்பு குறையாது. கம்பங்களிக்கும் கேழ்வரகுக் களிக்கும் இந்தக் கெட்டிக் குழம்பு சோற்றை விட நன்றாகச் சேரும்.

16. ஈரல் மிளகு வறுவல். ஈரலை விரல் தடிமனுக்கு ஒரே அளவில் வெட்டுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலையை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டு, ஈரலைச் சேர்த்து மிதமான தீயில் மூடி வையுங்கள். எட்டிலிருந்து பத்து நிமிடம் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஈரலே தண்ணீர் விடும். பெரிய துண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே சிவப்பு நீர் வராவிட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம். உப்பையும் ஒன்றிரண்டாக இடித்த மிளகையும் கடைசியில் தூவி இறக்குங்கள்.

17. சுவரொட்டியைச் சுட்டால் தனி ருசி. மண்ணீரலைத்தான் நம் பக்கம் சுவரொட்டி என்கிறோம். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும். கத்தியால் இரண்டு பக்கமும் கீறி, உப்பு, மிளகு, பூண்டு விழுது தடவி, கம்பியில் குத்தித் தணலில் வாட்டுங்கள். கேஸ் அடுப்பு மட்டும் இருந்தால் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, மூடி போட்டுத் திருப்பித் திருப்பி வேக விடலாம். எரியும் நெருப்பில் காட்டினால் மேல் கருகி, உள்ளே பச்சையாக நிற்கும்.

18. நுரையீரலை வேக வைத்த பிறகு வெட்டுங்கள். பச்சையாக வெட்டினால் கத்தி வழுக்கும். முழுதாக மஞ்சள் தண்ணீரில் போட்டால் காற்று நிறைந்திருப்பதால் மிதக்கும். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வைத்து வேக விடுங்கள். வெந்ததும் சிறிய துண்டுகளாக வெட்டிக் குடல் குழம்பிலோ தேங்காய் போட்ட பொரியலிலோ சேர்க்கலாம்.

19. ரத்தப் பொரியல். சுத்தமான பாத்திரத்தில், கொஞ்சம் உப்பும் தண்ணீரும் விட்டுப் பிடித்த ரத்தத்தை மட்டுமே வாங்குங்கள். தரையில் வழிந்ததை அள்ளியது ஆகாது. உறைந்ததைக் கட்டியாகக் கொதிநீரில் போட்டு, நடுவில் கீறினாலும் சிவப்புத் தெரியாதவரை வேக வையுங்கள். ஆறியதும் உதிர்த்து, கடுகு, வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம் தாளித்து வதக்கி, தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள்.

20. கால் சூப்புக்குத் தீ அடங்கியிருக்கட்டும். வாட்டி வந்த காலில் கரியும் முடியும் மீதி இருக்கும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கத்தியின் முதுகால் சுரண்டினால் கரிவாடை போகும். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நாற்பது நிமிடம் விடுங்கள். இறக்கிய சூப்பை இரண்டு விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும். அதுதான் பக்குவம். பாயாவாக வேண்டுமென்றால் தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றி, இடியாப்பத்தோடு பரிமாறுங்கள்.

உடம்புக்கும் வீட்டுக்கும்

21. யாருக்கு நல்லது, யாருக்கு ஆகாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. நாளொன்றுக்கு ஒரு பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. நூறு கிராம் செம்மறி ஈரலில் சுமார் 7 மில்லிகிராம், சுவரொட்டியில் சுமார் 40 மில்லிகிராம் உண்டு. சுவரொட்டி வாங்கினால் வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடு என்று பாட்டிமார் சொன்னதில் நல்ல நியாயம் இருக்கிறது. அதே சமயம், ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு வாரம் ஒரு முறை போதும். நூறு கிராம் ஆட்டு மூளையில் சுமார் ஏழு முட்டைக்குச் சமமான கொழுப்பு, அதாவது கொலஸ்ட்ரால், இருக்கிறது. இதய நோயாளிகளும், யூரிக் அமிலத்தால் மூட்டு வீக்கம் வருகிறவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் சாப்பிட வேண்டாம்.

22. மீந்ததை எப்படி வைப்பது. சமைக்காத ஈரல், குடல் எல்லாம் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள்தான் தாங்கும். சுத்தம் செய்து, வேளைக்கு வேண்டிய அளவில் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் மூன்று மாதம் வரை வரும். சமைத்த குழம்பு ஃப்ரிட்ஜில் மூன்று நாள். எடுத்தால் கொதிக்கும்வரை சூடாக்குங்கள். கறி வெட்டிய பலகையையும் கத்தியையும் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவாமல் காய் நறுக்கக் கூடாது.

23. கழிவை நாய்க்குப் போடாதீர்கள். மூன்றாவது குறிப்பில் சொன்ன நீர்க்கட்டியைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டை நாயின் மலத்தோடு மண்ணிலும் கீரையிலும் கலந்து, நம் வாய்க்குள் போனால் நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டி வளரும். தெருவில் புழுதியில் விளையாடும் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கோயில் கிடாவெட்டோ காதுகுத்தோ, கழிவு நிறையச் சேரும் நாட்களில் இரண்டடிக்குக் குறையாமல் குழி தோண்டிப் போட்டு, மண்ணைத் தள்ளி, மேலே கல்லை வையுங்கள். வீட்டு நாய்க்குக் கொடுக்க வேண்டுமென்றால் நன்றாக வேக வைத்த பிறகு கொடுங்கள். சுரண்டிய கொழுப்பைச் சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். அதையும் குழியிலேயே போடுங்கள்.

கடைசியாக ஒன்று. குடல் கழுவுவதற்கு ஒரு மணி நேரம் முதுகு வளைய வேண்டும். பல வீடுகளில் அந்த வேலை அம்மாவின் தலையில் விழுகிறது. சாப்பிட மட்டும் எல்லோரும் வருகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடல் வாங்கி வருகிறவரே குழாயடியில் உட்கார்ந்து திருப்பிக் கழுவட்டும். பிள்ளைகள் வெங்காயம் உரிக்கட்டும். ஓர் உயிரை அறுத்த பிறகு அதில் எதையும் வீணாக்காமல், பக்குவமாகச் சமைத்து, பங்கிட்டு உண்பதே நியாயம்.